மண் தரும் அளவு

தொபியாஸின் சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டியபோது மணி அடித்தது.

அது கோயில் மணி அல்ல. வாசலின் இரண்டு பக்கமும் நட்டிருந்த சாம்பல் நிறக் கம்பங்களிலிருந்து வந்த சத்தம். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் சிலுவை ஏந்திப் போனவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த பெண்களின் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

பேருந்து நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, துறைமுகம், இடுகாடு என்று நாடு முழுவதும் அந்தக் கம்பங்கள் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மக்கள் அவற்றை மணிக்கம்பம் என்றார்கள். கதிரியக்கம் உள்ள எது கடந்தாலும் அடிக்கும். அடித்தால் அந்தப் பொருள் அதன்பின் அரசாங்கத்தின் பொறுப்பு.

வடக்கே ஒரு நகரத்தில், பழைய இரும்புக் கடைக்கு வந்த மருத்துவக் கருவி ஒன்றை யாரோ உடைத்துவிட, ஒரு தெருவே நோயில் விழுந்தது. இறந்தவர்களில் சிலரை அவசரமாகப் புதைத்ததும் பிறகு தெரிய வந்தது. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் வந்த சட்டம் இது. அதற்கு முன்பு, ஆபத்தில்லாத அளவுக்குக் கதிரியக்கம் உள்ள பொருட்களுக்கு விலக்கு உண்டு. புதிய சட்டம் எல்லா விலக்குகளையும் எடுத்துவிட்டது. கொஞ்சம், அதிகம் என்ற பேச்சே கிடையாது. பத்திரிகைகள் அதற்குப் பூச்சியச் சட்டம் என்று பெயர் வைத்தன.

தொபியாஸுக்கு எலும்பு வரைக்கும் பரவிய புற்றுநோய். சாவதற்குப் பத்து நாள் முன்பு திருவனந்தபுரத்தில் ஓர் ஊசி போட்டிருந்தார்கள். மருந்து நோய் இருக்கும் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து உள்ளிருந்தே சுடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி குறைந்தது. நன்றாகச் சாப்பிட்டார். ஒரு காலை வேளையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரைக் கொன்றது மாரடைப்பு. ஆனால் மருந்து இன்னும் எலும்பில் இருந்தது. மணிக்கம்பத்துக்கு அது போதும்.

ஒரு மணி நேரத்தில் கதிர்க்காப்பு வாரியத்தின் வண்டி வந்தது. இறங்கியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றியபோது தொபியாஸின் மனைவி அக்னேஸ் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசை முடிஞ்சு மந்திரிச்ச சவமாக்கும். இத எங்க கொண்டு போறிய?"

வண்டி கிளம்பிவிட்டது. குருசடித்துறை கடற்கரையின் கறுப்பு மணலில், வெட்டி வைத்த குழி திறந்தே கிடந்தது.

மூன்றாம் நாள் உமையாள் அந்த ஊருக்கு வந்தாள். வாரியத்தின் நாகர்கோவில் வட்டார அதிகாரி. காரைக்குடிப் பக்கத்துக்காரி, வயது நாற்பத்தைந்துக்கு மேல். சாதாரணமாக இப்படி வீட்டுக்கெல்லாம் போகிற வேலை அவளுடையது இல்லை. ஆனால் அவளுடைய கிடங்குக்கு மனித உடல் ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை. பெயர் எழுதும் இடத்தில் ‘பொருள்’ என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே அவள்தான் தொபியாஸ் என்று எழுத வேண்டியிருந்தது.

அக்னேஸின் வீடு ஊரின் தெற்குப் பக்கம், கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவள். சந்தையில் மீன் விற்பவள். ஒரே மகள் ஜெனிட்டா குவைத்தில் நர்ஸாக இருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள் அடக்கம் நடக்காமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள்.

"இரிங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் அக்னேஸ். "அவியள எப்பம் தருவிய?"

உமையாள் சுற்றி வளைக்காமல் சொல்ல முயன்றாள். "ஊசியில போட்ட மருந்து வாரத்துக்கு வாரம் பாதியாக் குறைஞ்சுக்கிட்டே போகும்மா. ரெண்டு மூணு மாசத்துல மணி அடிக்கிற அளவுக்கு ஒண்ணுமே இருக்காது. அதுவரைக்கும் குளிர்பெட்டியில பத்திரமா வச்சிருப்போம்."

"அப்பம் ரெண்டு மூணு மாசத்துல தருவிய."

உமையாள் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள்.

"என்ன மேடம்?"

"கிடங்குக்குள்ள கொண்டு போறதுக்கு விதி இருக்கு. வெளிய கொண்டு வர்றதுக்கு விதி இல்லம்மா."

"மறந்துட்டாவளா?"

"மறக்கலை. எந்த அளவுக்குக் கீழ வந்தா விடலாம்னு ஒரு எண் எழுதணும். அந்த மாதிரி எண்ணே இருக்கக் கூடாதுங்கிறதுதான் சட்டம். உள்ள போனது எதுவும் இதுவரைக்கும் வெளிய வரலை."

உள்ளறையிலிருந்து ஜெனிட்டா எழுந்து வந்தாள். "நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ மேடம். இந்த ஊசி போட்ட ஆளுவள மூணாம் நாளு நாங்களே பஸ்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்புவோம். உசிரோட இருந்தா வீட்டுக்குப் போலாம், செத்தா போக முடியாதா?"

"உயிரோட இருக்கறவங்களைச் சட்டத்துல பொருள்னு சொல்ல முடியாது" என்றாள் உமையாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெனிட்டா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்னேஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டன்சாயா போடு மோளே" என்றாள்.

கிடங்கு என்பது மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த ஒரு நூற்பாலை. நான்கு வருடத்தில் அது நிரம்பி, முற்றத்தில் கொட்டகை போட்டு, அதுவும் நிரம்பியிருந்தது. சமையலறை மேடைக்கு அறுத்த கிரானைட் பலகைகள், தரை ஓடுகள், உர மூட்டைகள், இருட்டில் முள் ஒளிரும் பழைய கடிகாரங்கள், தைராய்டு சிகிச்சை எடுத்தவர்களின் படுக்கை விரிப்புகள். பழத்திலும் இயற்கையாகவே துளி கதிரியக்கம் இருப்பதால், முதல் மாதத்தில் நேந்திரம்பழ லாரிகள்கூட மாட்டின. அழுகி நாறியதும் பழத்துக்கு மட்டும் வாய்மொழியாக விலக்கு வந்தது. உண்மையிலேயே ஆளைக் கொல்லக்கூடிய கதிரியக்கப் பொருள் அடைத்த இரும்புப் பெட்டிகள் சிலவும் அங்கே இருந்தன. ஆனால் அவற்றை ஓடுகளுக்கும் உர மூட்டைகளுக்கும் நடுவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காவலாளிக்கு எல்லாம் ஒன்றுதான், எல்லாவற்றின் மேலும் ஒரே மஞ்சள் சீட்டு. உமையாளுக்குத் தூக்கம் கெட்டது அந்தப் பெட்டிகளை நினைத்துத்தான்.

கிடங்குகள் எல்லா மாநிலத்திலும் இப்படியே நிரம்பியதால், சட்டத்தில் மறுபடியும் விலக்குகளைக் கொண்டுவர ஒரு குழு போட்டிருந்தார்கள். உமையாள் அதில் ஓர் உறுப்பினர். அன்று அக்னேஸின் வீட்டிலிருந்து இறங்கியபோது கதிரியக்கத்தை அளக்கும் சொந்தக் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்தத் திறந்த குழியின் ஓரத்தில் நின்று அதைப் போட்டுப் பார்த்தாள்.

மூன்று அலகு காட்டியது. கிடங்குக்கு வந்த அன்று தொபியாஸின் உடல் காட்டியது இரண்டு.

அவள் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்றுதான். அந்தக் கரையின் கறுப்பு மணலில் இயற்கையாகவே தோரியம் இருக்கிறது என்பது அவள் படித்ததுதான். மணிக்கம்பம் நடுகிறவர்கள் அந்தந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டு, அதைத்தான் பூச்சியம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே மணி இந்த மண்ணுக்கு அடிக்காது, மண்ணுக்கு மேல் கூடுதலாக வருவதற்குத்தான் அடிக்கும். இறந்தவரைவிட அவரைப் புதைக்க வெட்டிய குழிக்குக் கதிரியக்கம் அதிகம்.

பங்குத்தந்தை லாரன்ஸின் அறையில் அக்னேஸையும் வைத்துக்கொண்டு உமையாள் இதைச் சொன்னாள்.

"ஒரு வழி இருக்கு பாதர். ஏற்கெனவே கதிரியக்க நிலம்னு பதிவான இடத்துல கதிரியக்கப் பொருளைப் புதைக்கச் சட்டத்துல தடை இல்லை. கல்லறைத் தோட்டத்தை நான் அளந்து பதிவு பண்ணினா, அடுத்த வாரமே அவரை இங்க கொண்டு வந்திடலாம்."

"அப்பம் பதிவு செய்யுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் லாரன்ஸ்.

"பதிவான நிலத்துல யாரும் குடியிருக்கக் கூடாது."

"கல்லறையில யாரு குடியிருக்கா?"

"இங்கேருந்து படகுத்துறை வரைக்கும் ஒரே மண்ணுதான் பாதர். ஓர் இடத்தைப் பதிஞ்சா பக்கத்து நிலத்தை எல்லாம் அளக்கச் சொல்லி உத்தரவு வரும். முழு ஊரையும் காலி பண்ணச் சொல்லுவாங்க."

சன்னலுக்கு வெளியே கோயில் முற்றத்தில் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அக்னேஸ் கேட்டாள்: "இந்த மண்ணு ஒடம்புக்குக் கெடுதலா?"

"எத்தனையோ தலைமுறையா இருக்கீங்க. பெரிய கெடுதல்னு யாரும் நிரூபிக்கலை. கெடுதலே இல்லைன்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது."

அக்னேஸ் வெளியே காயும் கருவாட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"எழுதாண்டாம் மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவிய ஒருத்தர உள்ள கொண்டாரதுக்கு நாங்க எல்லாரும் வெளிய போவணுமா? அவியளே சம்மதிக்க மாட்டாவ." கதவருகே போனவள் திரும்பினாள். "அந்தக் குளிர்பெட்டிக்குக் கரண்டு போவாம பாத்துக்கிடுங்க. அது போதும்."

உமையாள் கருவியில் பதிந்திருந்த எண்ணை அழித்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை கிடங்குக்குப் போனபோதெல்லாம் குளிர்பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தாள்.

விலக்குக் குழுவின் கூட்டம் சென்னையில். தலைவர் ரகோத்தமன் ஓய்வுபெறும் வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் எழுதி வைத்திருந்த வரைவு எளிமையானது. நாடு முழுவதற்கும் ஒரே எண். அதற்குக் கீழே இருந்தால் விலக்கு, மேலே இருந்தால் சட்டம். ஓடு, உரம், கிரானைட் எல்லாம் வெளியே போய்விடும். ஆபத்தான பெட்டிகள் மட்டும் உள்ளே மிஞ்சும்.

"ஒரு கடற்கரை ஊர் இருக்கு சார்" என்றாள் உமையாள். ஊரின் பெயரை அவள் சொல்லவில்லை. "அந்த ஊர் மண்ணே உங்க எண்ணைத் தாண்டும். இன்னைக்கு யாரும் அளக்காததால தப்பிச்சிருக்காங்க. நாளைக்கு ஒருத்தன் அளந்துட்டா நாலாயிரம் பேர் அகதி."

"இயற்கை நிலத்துக்குத் தனியா ஓர் அட்டவணை போடலாம்."

"அதுக்குக் கடற்கரை முழுக்க அளக்கணும். எத்தனை வருஷம் ஆகும்? அளக்கற வரைக்கும் அவங்க என்ன கணக்கு?"

அவள் தான் எழுதி வந்ததைப் படித்தாள்: ‘ஓர் இடத்தின் மண் தரும் அளவுக்கு மேற்படாத எந்தப் பொருளுக்கும், அந்த இடத்தைப் பொறுத்தவரை, இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. மண்ணின் அளவு என்பது அவ்வூரில் முதலில் பதிவான அளவு. பதிவு இல்லாத ஊரில், விண்ணப்பத்தின்போது எடுக்கும் அளவு.’

மண் தன்னைத்தானே மீற முடியாது. ஆகவே எந்த ஊரும் தன் மண்ணுக்காகக் காலி செய்ய வேண்டியதில்லை. மருந்து குறைந்துபோன உடல் எந்த மண்ணுக்கும் மேற்படாது. ஆகவே தொபியாஸ் வீட்டுக்கு வரலாம்.

ரகோத்தமன் அதை இரண்டு தடவை படித்தார். "பாருங்க உமையாள், இதை நீங்க ஓர் ஊரை மனசுல வச்சுக்கிட்டு எழுதியிருக்கீங்க. ஆனா இதைப் படிக்கப் போறது நீங்க இல்ல, கம்பெனி வக்கீல். மண்ணுல அதிகமா இருக்கிற ஊருக்கு அதிகமாக் கொண்டு வந்து போடலாம்னு அவன் படிப்பான்."

"குறைஞ்ச ஆபத்து உள்ளதைத்தானே போட முடியும்?"

"ஒவ்வொரு தடவையும் குறைஞ்ச ஆபத்துதான்."

அவளுக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் குளிர்பெட்டியில் ஒருவர் கிடந்தார். கரையில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். கம்பெனி வக்கீல் இன்னும் பிறக்கவில்லை என்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. தொழிற்சாலைக்காரர்களின் பிரதிநிதிகள் அவளுடைய வாக்கியத்தை ஆதரித்தார்கள். அளவெடுக்கும் செலவு மிச்சம் என்று நிதித்துறையும் ஆதரித்தது. அடுத்த கூட்டத்தொடரில் அது அப்படியே சட்டமானது.

தொபியாஸ் குருசடித்துறைக்குத் திரும்பி வந்தபோது அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜெனிட்டாவுக்கு இரண்டாவது தடவை லீவு கிடைக்கவில்லை, போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய குழி மணல் சரிந்து தூர்ந்துவிட்டதால் புதிதாக வெட்டியிருந்தார்கள். பெட்டி வாசலைத் தாண்டியபோது எல்லாரும் கம்பங்களைப் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. அக்னேஸ் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டாள். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த உமையாளையும் கைநீட்டி அழைத்து மண் போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஆடி மாதங்களில் கடல் குருசடித்துறையின் ஒரு வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டு போனது. தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். கடலுக்குள் கல் கொட்டி அலையின் வேகத்தைத் தடுக்கிற அந்தச் சுவர் பக்கத்துக் கரைகளிலெல்லாம் இருந்தது. இங்கே கல் இல்லை, நிதி இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்போதுதான் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் விண்ணப்பம் உமையாளின் மேசைக்கு வந்தது. வடக்கே இடித்துப் போட்ட பழைய அணுமின் நிலையக் கட்டடங்களின் ஜல்லியைக் கொண்டு காங்கிரீட் கற்கள் வார்த்து, குருசடித்துறைக்கு இலவசமாகத் தூண்டில் வளைவு கட்டித்தருவார்கள். கற்களின் அளவு மண்ணின் அளவுக்கு மேற்படாது. விலக்குக்கு ஆதாரமாக அவள் எழுதிய வாக்கியத்தையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். மறுக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். கமிட்டிச் செயலாளர் சில்வெஸ்டர், வடக்குத் தெருக்காரர், உமையாளைப் பேச அழைத்தார். அவள் எதையும் மறைக்கவில்லை.

"இந்தக் கல்லு உடனே யாரையும் ஒண்ணும் செய்யாது. உங்க மண்ணு தர்ற அளவுதான் இதுவும் தரும். ஆனா மண்ணு தர்றதோட இதுவும் சேரும்."

அக்னேஸ் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டாள்: "இதே கல்ல சென்னையில போடுவாவளா?"

"போட முடியாது. அங்க மண்ணுல அளவு கம்மி. அங்க இதுக்குப் பேரு கழிவு."

"இங்க?"

"இங்க கல்லு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சில்வெஸ்டர் சிரிக்கவில்லை. "பேரு எதுவா இருந்தா என்ன மேடம்? தடுத்தாப் போதும். போன ஆடியில என் தம்பி வீடு போச்சு. வாற ஆடியில என் வீடு."

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் உமையாள். "இப்ப வர்ற கல்லு பாதி தூரத்துக்குத்தான் போதும். மீதிக்கு அடுத்த விண்ணப்பம் வரும். விண்ணப்பத்துக்கு எடுக்கிற அளவு பதிவுல ஏறாது, உங்க ஊர் அளவு எங்கயும் பதிவாகலை. அதனால அப்ப மறுபடி அளப்பாங்க. இந்தக் கல்லையும் சேர்த்துத்தான் கருவி காட்டும். அது ரெட்டிப்பா இருக்கும். அப்ப ரெட்டிப்பு அளவுள்ள கல்லு கொண்டு வரலாம். அதுக்கு அடுத்தது அதைவிட ரெட்டிப்பு. சட்டப்படி எல்லாமே சரியா இருக்கும்."

"இத எப்படி நிறுத்துறது?" என்று கேட்டார் லாரன்ஸ்.

"இப்ப, கல்லு வர்றதுக்கு முன்னால, இன்னைக்கு உள்ள அளவைப் பதியணும். பதிஞ்சிட்டா என்னைக்கும் அதுதான் எல்லை. பழைய மாதிரி யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. ஆனா பதிவான மனையோட வாசல்ல மஞ்சள் தகடு மாட்டணும். பழைய சட்டத்துல இருந்தது, அதை யாரும் எடுக்கலை."

முற்றத்தில் சத்தம் எழுந்தது. தகடு மாட்டின ஊரின் மீனை யார் வாங்குவான்? தகடு மாட்டின வீட்டில் யார் பெண் எடுப்பான்? ஒரு கிழவர் எழுந்து, தகடு மாட்டினால் இந்த அதிகாரியே வேறு ஊர் மீனைத்தான் வாங்குவாள் என்று கத்தினார். கையைத் தூக்கச் சொன்னார்கள். கல் வரட்டும், பதிவு வேண்டாம் என்று தீர்மானம் ஆனது.

உமையாள் ஜீப்பில் ஏறியபோது அக்னேஸ் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், ஊரு பதியாண்டாம்னு சொல்லிட்டு. எங்க வீட்டு மனைய மட்டும் பதிய முடியுமா?"

உமையாள் ஜீப்பிலிருந்து இறங்கினாள். "முடியும். ஊர்ல ஒரு மனை பதிவானாலும் முதல் பதிவு அதுதான். ஆனா தகடு உங்க வாசல்ல மட்டும்தான் தொங்கும்."

"தொங்கட்டும்."

"ஜெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பாக்கறதா சொன்னீங்களே."

"அவகிட்ட கேட்டாச்சு. கூட்டத்துக்கு நடுவுல போன்லயே கேட்டாச்சு." அக்னேஸ் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "பதிஞ்சிரு அம்மேன்னு சொன்னா. பெறகு அழுதா. ரெண்டும் செஞ்சா."

அடுத்த வாரம் உமையாள் தானே வந்து அளந்தாள். வீட்டு வாசலில் மூன்று, கிணற்றடியில் மூன்றுக்குக் கொஞ்சம் கூட. நிலைக்கதவின் மேல் தகடு அடிக்க அவளுடன் வந்த ஊழியர் தயங்கியபோது, அக்னேஸே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தாள்.

கல் வந்தது. தூண்டில் வளைவு தெற்கிலிருந்து எழும்பி, கோயிலைத் தாண்டி, வடக்குத் தெருவுக்கு முன்னால் நின்றது. இரண்டாவது விண்ணப்பத்தில் நிறுவனம் கேட்ட அளவு மூன்றுக்கு மேல். அதைவிடக் குறைவான ஜல்லி தங்களிடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். உமையாள் முதல் பதிவைக் காட்டி மறுத்தாள். மீதிச் சுவருக்கு மலைக்கல் கேட்டுப் பொதுப்பணித் துறைக்கு எழுதினாள், நேரிலும் போனாள். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் ஆடி வந்தது. வடக்குத் தெருவில் ஆறு வீடுகள் போயின. ஒன்று சில்வெஸ்டருடையது.

கடல் அடங்கிய பிறகு உமையாள் அக்னேஸைப் பார்க்கப் போனாள். வீடு அப்படியே இருந்தது. தகடு உப்புக்காற்றில் ஓரம் துருப்பிடித்திருந்தது. அக்னேஸ் இப்போது வழக்கமான சந்தைக்குப் போவதில்லை. இரண்டு பஸ் மாறி, அவளைத் தெரியாத சந்தைக்குக் கூடை சுமந்து போனாள். ஜெனிட்டாவுக்குப் பேசி வைத்திருந்த இடம் தகடு மாட்டிய மாதமே விட்டுப்போயிருந்தது.

இருவரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது சில்வெஸ்டர் தெருவில் வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் நின்றார்.

"வந்துட்டியளா? நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்றார். கோபத்தில் கத்தவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "இந்தக் கல்லுல உள்ளது எங்கள எப்பமாவது கொல்லும், இல்ல கொல்லாது. ஒங்களுக்கே தெரியாது. கடலு எங்கள இப்பம் கொல்லுது. இந்தக் கணக்கு அக்னேஸுக்கும் புரியல, ஒங்களுக்கும் புரியல. அவ வீடு தெக்க இருக்கு, நிக்குது. தகடு அடிச்சவ வீடு நிக்குது."

அவர் வடக்கே நடந்து போனார்.

"பள்ளிக்கூடத்துல படுத்திருக்காவ அந்த ஆறு வீட்டாளுவளும்" என்றாள் அக்னேஸ். "ரெண்டு குடும்பத்த இங்க வந்து இருங்கன்னு கூப்பிட்டேன். தகடு உள்ள வீட்டுக்கு வரமாட்டோம்னுட்டாவ."

"நான் மறுத்தது தப்போன்னு எனக்கும் தோணுது அக்கா."

"ஆணி அடிச்சது தப்போன்னு எனக்கும் தோணும்."

உமையாள் வந்த விஷயத்தைச் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு சொன்னாள். குருசடித்துறையில் மறுத்த அதே கற்களுக்கு நிறுவனம் வேறு ஊரில் விண்ணப்பம் போட்டிருக்கிறது. தெற்கே, பனைவிளைத்துறை. அங்கே மண்ணில் ஐந்து அலகு. யாரும் எதையும் பதியவில்லை. தன் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லிக் குழுவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். ரகோத்தமன் ஓய்வுபெற்றுவிட்டார், புதிய தலைவர், குறைந்த ஆபத்துக்கு இவ்வளவு பரபரப்பு எதற்கு என்று கேட்கிறார். அடுத்த வாரம் அவளே அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

"அந்த ஊராளுவளுக்குத் தெரியுமா?"

"இலவசமாச் சுவர் வருதுன்னு தெரியும். ரெட்டிப்பு விஷயம் தெரியாது. என்னைப் பேச விடமாட்டாங்க. இங்க நடந்ததைக் கேள்விப்பட்டிருக்காங்க."

அக்னேஸ் உள்ளே போனாள். பானை மூடுகிற சத்தம் கேட்டது. வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

"வண்டியில எடம் உண்டா?"

"எங்க போறீங்க அக்கா?"

"பனைவிளைக்குத்தான். அங்க எங்க சின்னம்மைக்க மவ இருக்கா. கோயில் பக்கத்துல வீடு. அவகிட்ட சொன்னாப் பத்து பொம்பளையள கூட்டிருவா."

உமையாள் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டாள். "பதியச் சொல்லப் போறீங்களா?"

"பதியவும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். எங்க ஊருல என்ன ஆச்சுன்னு சொல்லுவேன். எங்க வீடு நிக்கிறதயும் சொல்லுவேன், சில்வெஸ்டருக்க வீடு போனதயும் சொல்லுவேன். ஜெனிட்டா காரியத்தயும் சொல்லணும்." அவள் ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அங்கயும் நம்மள ஏசத்தான் போறாங்க."

"ஏசட்டும் பிள்ளே" என்றாள் அக்னேஸ். "கேட்டுட்டு ஏசட்டும். வண்டிய எடு."